கையெழுத்து பொருந்தவில்லை

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி.
தரகு அலுவலகத்து அஸ்கர் திரையை என் பக்கம் திருப்பினான்.
ஒரு பச்சைக் கோடு, தரையிலிருந்து கூரைக்கு.
"ஆயிரம் ரூபாய், முப்பது வருஷம்,
இன்னிக்குப் பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரம்.
வருஷத்துக்கு இருபத்தேழுக்குக் கொஞ்சம் கீழே மாமா.
யாருக்கு வரும் இந்தப் பொறுமை?"

பொறுமை.
நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

தொண்டி ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதிய காலம்.
பனியன் மூட்டையோடு வந்த ரங்கதுரை
இரண்டு படிவம் நீட்டினார், ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று.
வட்டி நமக்கு ஆகாது என்றேன்.
"வட்டி இல்லை பாய், இது கூட்டு வியாபாரம்."
மஞ்சள், திருப்பூரில் நான் பார்த்திராத செவ்வந்தி நிட்டிங்.
ரோஸ், நம்புதாளைக்கு வடக்கே இறால் பண்ணை.
ஆளுக்கு ஆயிரம்.
பண்ணையின் பம்பு சத்தம்
இரவில் மாடியில் படுத்தால் கேட்கும்.
நம் காசு ஓடுகிறது என்று தூங்குவேன்.

வெள்ளைப் புள்ளி நோய் வந்தது, பம்பு நின்றது.
குளங்களில் உப்புப் பூத்தது.
இறால் படம் போட்ட பத்திரம்
பிஸ்கட் டப்பாவில் இன்னும் மீசையோடு இருக்கிறது.
அஸ்கரின் கோட்டில் அது இல்லை.
செத்தவை எந்தக் கோட்டிலும் இல்லை.

தொண்ணூற்றாறு ஆடி.
ஆள் வராத நாள், கரண்ட் போய்த் திரும்பிய நொடி,
ஐஸ் உடைக்கும் எந்திரத்தில் கட்டியைத் தள்ளியது நான்.
வலது ஆட்காட்டி விரலில் இரண்டு கணு.
தேடினோம். கிடைக்கவில்லை.
நண்டுப் பெட்டிகளின் ஐஸோடு
தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போயிருக்கும்.

அதற்குப் பிறகு என் பெயர் வேறு மாதிரி விழுந்தது.
நைனார் முகம்மதுவின் முதல் எழுத்தில்
சங்கிலிக் கொம்பு சுருளாமல் நீண்டு கிடக்கும்.

தொண்ணூற்றொன்பதில் மச்சானின் வல்லத்துக்காக விற்கப் போனேன்.
கோயம்புத்தூரிலிருந்து கவர் திரும்பியது:
கையெழுத்து பொருந்தவில்லை.
இரண்டாயிரத்தெட்டில் ஜுலைகாவுக்கு மதுரையில் ஆபரேஷன்.
வலது கைக்கு மூன்று இரவு பழக்கம் கொடுத்தேன்,
பழைய வரி ஏற்றில் நூறு தடவை பழைய பெயர்.
கவர் திரும்பியது.
அவள் ஆறு பவுன் வளையலைக் கழற்றினாள்.
வட்டி ஆகாதென்றவன்
பதினான்கு மாதம் வட்டி கட்டினேன்,
பதினைந்தாவது மாதம் ஏலத் தபால்.

நான் எங்கே வைத்திருந்தேன்?
அது என்னை விடவில்லை.
இடையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ்,
பத்தை இரண்டாக்கிய பிரிப்பு, இன்னொரு போனஸ்.
நூறு ஆயிரத்தைந்நூறு ஆனது எனக்குத் தெரியாது.
இதில் ஒரு பனியனைக்கூட நான் போட்டதில்லை.
சந்தையில் மூன்று இருநூறு,
பெயரில்லாதது.

"இரண்டாயிரத்தெட்டு எது?"
பையன் காட்டினான்.
நகக்கண் அளவில் ஒரு பள்ளம்.
"அதெல்லாம் ஒண்ணுமில்லை மாமா, தாண்டிருச்சு."
மழுங்கிய விரலை அதன்மேல் வைத்தேன்.
சரியாக மூடியது.

"முந்நூற்று எண்பத்தைந்தை விற்றுவிடு."
"அதென்ன கணக்கு?"
சொல்லவில்லை.
ஆறு பவுனுக்கு இன்றைய விலை, செய்கூலி இல்லாமல்.
மிச்சத்துக்கு ஜக்காத் எத்தனை வருஷம் பாக்கி என்று
ஆலிமைக் கேட்க வேண்டும்.

பேனாவை எடுத்தேன்.
அவன் சிரித்தான்.
கையெழுத்தெல்லாம் இப்போது வேண்டாமாம்,
போனில் வரும் எண் போதுமாம்.
படித்தேன்.
ஒரு இருமல் நேரத்தில் முடிந்துபோனது.

தேவிபட்டினம் தாண்டியதும் சன்னலில் உப்புக் காற்று.
ஜுலைகாவுக்குப் போன் போட்டு
வளையல் அளவு கேட்டேன்.
பின்னால் குக்கர் விசில், நீண்ட நேரம்.
பிறகு கேட்டாள்:
"அப்ப இருந்த கைக்கா,
இப்ப இருக்கிற கைக்கா?"